காணிக்கைப் பெட்டியில் தீராத கணக்கு: வேலையில் தவறியவர் மனந்திரும்புவதற்கு ஒரு வழிகாட்டி

மனந்திரும்புதல் என்ற சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாரந்தோறும் கேட்கிறோம். புதிய ஏற்பாட்டில் வரும் மெத்தனோயா என்ற கிரேக்கச் சொல் மனம் மாறுவதைக் குறிக்கிறது. பழைய ஏற்பாட்டில் வரும் ஷூப் என்ற எபிரெய வினை, போன வழியிலிருந்து திரும்பி வருவதைக் குறிக்கிறது. நம் சொல்லில் மனமும் உண்டு, திரும்புதலும் உண்டு. ஆனால் திரும்புதலுக்குத் தமிழில் ஒரு பிறவினையும் இருக்கிறது: திருப்புதல். வேலை செய்யும் இடத்தில் தவறிய ஒருவர் உண்மையிலேயே திரும்பினாரா என்பது, அவர் எதைத் திருப்பினார், யாரிடம் திருப்பினார் என்பதில்தான் தெரியும் என்று நான் கருதுகிறேன். இதை நான் கற்றது பிரசங்கத்திலிருந்து அல்ல.

நான் கடலூர்க்காரன், லுத்தரன் சபையில் வளர்ந்தவன். சிதம்பரம் சாலையில் உள்ள சிப்காட் வளாகத்தில், ஒரு தொழிற்சாலையின் வாகனப் பிரிவில் பில்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அங்கே டீசல் விலையும் குறைவு. எல்லையோரத்தில் வாழும் எங்களுக்கு இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஓட்டுநர்கள் எல்லைக்கு அப்பால் முள்ளோடையில் டீசல் நிரப்பிக்கொண்டு, கடலூர் விலையில் எழுதிய பில்லைக் கொண்டுவருவார்கள். நான் கையெழுத்துப் போடுவேன். மாதக் கடைசியில் ஒரு கவர் என் மேசை இழுப்பறைக்கு வரும். மூன்று ஆண்டுகள் இப்படி நடந்தது. அந்த மூன்று ஆண்டுகளில், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தில் நான் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. கவரில் வந்ததற்கும் சேர்த்தே கொடுத்தேன்.

இந்த வழிகாட்டி பணத்தில் தவறியவருக்கு மட்டும் உரியதல்ல. ஓடாத இயந்திரத்தை ஓடியதாகப் பதிவேட்டில் எழுதியவர், செய்யாத பரிசோதனைக்குச் சான்று கொடுத்தவர், உடன் வேலை செய்பவரின் உழைப்பைத் தன் பெயரில் காட்டியவர், தன் கீழ் வேலை செய்யும் பெண்ணிடம் வரம்பு மீறியவர் ஆகிய அனைவருக்கும் பாதை ஒன்றே. ஆனால் கடைசிப் படிகளில் அது கிளை பிரிகிறது.

முதல் படி: நிறுத்துங்கள்

இதில் விளக்க அதிகம் இல்லை. அடுத்த கவரை வாங்காதீர்கள். அடுத்த பொய்ப் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். "இந்த மாதம் பிள்ளைக்குப் பீஸ் கட்டிவிட்டு நிறுத்துகிறேன்" என்பது நிறுத்துவதாகாது. உங்களால் தனியாக நிறுத்த முடியாத ஏற்பாடாக இருந்தால், அந்த இருக்கையிலிருந்து மாற்றல் கேளுங்கள். காரணத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: தாளில் எழுதுங்கள்

வாயால் ஜெபிப்பதற்கு முன் கையால் எழுதுங்கள் என்று நான் சொல்வது சிலருக்கு வினோதமாகத் தோன்றலாம். ஆனால் ஜெபத்தில் நாம் எளிதாக மழுப்பிவிடுகிறோம். தாளில் அது கடினம். தமிழே நமக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது: "தப்பு நடந்துபோச்சு", "கணக்கு கொஞ்சம் முன்ன பின்ன ஆயிடுச்சு". இந்த வாக்கியங்களில் செய்தவன் இல்லை. நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே உவமை சொல்லி முடித்தபோது தாவீது ராஜா, "பாவம் செய்தது நான்" என்றுதான் சொன்னார். சூழ்நிலை அப்படி அமைந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு வரியும் "நான்" என்று தொடங்கி, "எடுத்தேன்", "எழுதினேன்", "மறைத்தேன்" என்று முடியட்டும்.

தாளை நான்கு பத்திகளாகப் பிரியுங்கள். என்ன செய்தேன், எப்போது, யாருக்கு இழப்பு, எவ்வளவு. மூன்றாவது பத்தியில் நிதானம் வேண்டும். நிறுவனம் என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். உங்கள் பொய் அறிக்கையை நம்பி வால்வைத் திறந்த தொழிலாளி, உங்களால் பழி சுமந்த உதவியாளர், தரம் குறைந்த சரக்கை வாங்கியவர் ஆகியோரும் அந்தப் பத்தியில் வர வேண்டியவர்களே.

நான் முப்பத்தாறு மாதங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். சில மாதங்களின் தொகை நினைவில் இல்லை. அவற்றுக்கு, நினைவில் இருந்த மிகப் பெரிய தொகையையே போட்டேன். சந்தேகம் வந்தால் அது எனக்கு எதிராகத்தான் தீர வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். கூட்டினால் 41,600 ரூபாய் வந்தது. பெரிய தொகை இல்லையே என்று முதலில் ஓர் ஆறுதல் தோன்றியது. பிறகுதான் உறைத்தது: இது என் பங்கு மட்டுமே. நான் கையெழுத்திட்டதால் நிறுவனத்திலிருந்து வெளியேறியது இதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

மூன்றாம் படி: துக்கத்தைச் சோதியுங்கள்

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில் இரண்டு வகைத் துக்கங்களைப் பிரிக்கிறார்: தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம். முன்னது மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, பின்னது மரணத்தை. ஆடிட்டர் வருகிறார் என்ற செய்தி கேட்டு வருகிற துக்கம் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். இதைக் கண்டுபிடிக்க எளிய கேள்வி ஒன்று உண்டு. இது ஒருபோதும் வெளியே தெரியாது என்று உறுதியாகிவிட்டால், எனக்கு இன்னும் வலிக்குமா?

இந்த இடத்தில் என் சொந்தக் கருத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவன்தான். முப்பது வெள்ளிக்காசையும் கொண்டுபோய்ப் பிரதான ஆசாரியரிடம் நீட்டினான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டும் சொன்னான். ஆனால் யாருக்குத் துரோகம் செய்தானோ அவரிடம் போகவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அழுதான், பிறகு கடற்கரையில் இயேசுவின் முன் போய் நின்றான். திருப்பிக் கொடுப்பது மட்டுமே மீட்பு ஆகாது என்பதற்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு இல்லை. 51ஆம் சங்கீதத்தை மெதுவாக, ஒரு வாரமாவது, உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். மன்னிப்பு கிருபையினால் வருகிறது; நீங்கள் திருப்பப்போகும் பணம் அதன் விலை அல்ல.

குற்றவுணர்வு வாழவே வேண்டாம் என்ற எண்ணமாக மாறினால், இந்த வழிகாட்டியை மூடிவிட்டு உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். அதில் தமிழிலும் பேசலாம். புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவும் இருக்கிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நான்காம் படி: ஒருவரிடம் சொல்லுங்கள், ஊரிடம் அல்ல

கத்தோலிக்கர்களுக்கு இந்தப் படி திருச்சபையிலேயே அமைந்திருக்கிறது. புதுச்சேரி மிஷன் வீதியின் சம்பா கோவிலிலோ உங்கள் பங்குக் கோவிலிலோ பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னதைக் குருவானவர் எக்காரணம் கொண்டும் வெளியே சொல்ல முடியாது. பழைய மறைக்கல்விப் பாடமான ஞானோபதேசத்தில் ஆன்ம சோதனையில் தொடங்கி அபராதம் தீர்ப்பதில் முடியும் வரிசையை மனப்பாடம் செய்தவர்கள் கவனிக்க வேண்டியது: சொல்லப்படும் ஜெபங்களோடு பரிகாரம் முடிந்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்ப இயன்றவரை முயல வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை தெளிவாகவே சொல்கிறது. எங்கள் லுத்தரன் மரபிலும் போதகரிடம் தனியே பாவ அறிக்கை செய்வது உண்டு, நடைமுறையில் அரிதாகிவிட்டாலும். களவு செய்யாதிருப்பாயாக என்பது பத்துக் கட்டளைகளில் கத்தோலிக்கருக்கும் எங்களுக்கும் ஏழாம் கற்பனை, பக்கத்துத் தெரு சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையாருக்கு எட்டாம் கற்பனை, எண்ணில்தான் வேறுபாடு.

ஜெபக்குழுவில் எழுந்து நின்று சாட்சி சொல்வதை இந்தக் கட்டத்தில் கட்டாயம் தவிருங்கள். இழந்தவர் அறியும் முன் ஊர் அறிந்தால், அது அவருக்கு இரண்டாவது அவமானம். மேலும், கைதட்டலோடு கேட்கப்பட்ட பாவ அறிக்கைக்குப் பிறகு யாரும் இழப்பைத் திருப்பியதாக நான் பார்த்ததில்லை. வீட்டில் மனைவிக்கோ கணவருக்கோ சொல்லியே ஆக வேண்டும். வரப்போகும் இழப்பில் பாதி அவர்களுடையது.

இரண்டாவதாக, ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். இது விசுவாசக் குறைவு அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், பணியாளர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நீங்கள் எழுதிக்கொடுக்கும் கடிதம் பின்னாளில் சான்றாக வைக்கப்படலாம். வேலை போனால் கிராஜுவிட்டியும் பாதிக்கப்படலாம். வழக்கறிஞரிடம் போவது தப்பிக்கும் வழி தேட அல்ல; எதற்கு ஆயத்தப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போய் நிற்பதற்காக.

ஐந்தாம் படி: யாரிடம் சேர வேண்டுமோ அவரிடமே சேருங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். நம் சபைகளில் பரவலாக உள்ள வழக்கம், உறுத்தும் பணத்தைக் கொண்டுபோய்க் காணிக்கைப் பெட்டியில் போடுவது. சிலர் ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கித் தருகிறார்கள். சிலர் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறார்கள். வேதம் காட்டும் வரிசை இதற்கு நேர்மாறானது. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில், வஞ்சித்து எடுத்தவன் முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். பலி செலுத்துவது அதற்குப் பிறகுதான் சொல்லப்படுகிறது. மலைப்பிரசங்கத்திலும் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு. வரி வசூலிக்கும் ஆயக்காரனான சகேயு ஒரு படி மேலே போய், "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான். ஆயக்காரனுக்கு யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்பது தெரியாமல் போகாது.

நான் 41,600 ரூபாயோடு ஐந்தில் ஒரு பங்கான 8,320 ரூபாயைச் சேர்த்து, 49,920 ரூபாய் என்று கணக்கிட்டேன். அந்த ஐந்தில் ஒன்றைச் சட்டமாக அல்ல, வழிகாட்டும் அளவாக எடுத்துக்கொண்டேன். கையில் அவ்வளவு இல்லாதவர்கள் தவணையாகக் கொடுக்கலாம். கடன் வாங்கிக் கொடுத்து இன்னொரு குழியில் விழ வேண்டாம்.

இனி கிளைப் பாதைகள். இழந்தவர் இறந்துபோயிருந்தால் வாரிசுக்குக் கொடுங்கள். எண்ணாகமம் 5ஆம் அதிகாரம், வாங்கிக்கொள்ள உறவினனும் இல்லாதபோதுதான் அது ஆசாரியனுக்கு என்று சொல்கிறது. நிறுவனமே மூடப்பட்டு உரிமையாளரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம். காணிக்கைப் பெட்டிக்கு வழி திறப்பது அங்கேதான், அதற்கு முன் அல்ல.

லஞ்சம் சற்றுச் சிக்கலானது. உரிமையாகக் கிடைக்க வேண்டிய சான்றிதழுக்காக ஓர் ஏழையிடம் வாங்கியிருந்தால், அது அவருடைய பணம். அவரிடமே போக வேண்டும். ஆனால் டெண்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள ஒருவர் கொடுத்த பணத்தை அவரிடமே திருப்பினால், அது அவருக்கு இரட்டை லாபம். இருவரும் சட்டத்தை மீறிக் கைமாறிய பணத்தைக் கொடுத்தவருக்குத் திருப்ப வேண்டியதில்லை, வாங்கியவர் வைத்துக்கொள்ளவும் கூடாது, அது நற்காரியத்துக்குப் போக வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் பிரித்துக் காட்டினார். அத்தகைய பணத்தால் அரசுக்கோ போட்டியிட்ட மற்றவருக்கோ ஏற்பட்ட இழப்பு தனிக் கணக்கு. அரசு ஊழியரானால் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் பொருந்தும். பணத்தைத் திருப்பிவிட்டதால் குற்றம் இல்லாமல் போகாது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றமே. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் அதிகாரிகளிடம் தெரிவித்தால் மட்டுமே அந்தப் பிரிவிலிருந்து விலக்கு.

வரியில் பொய் சொன்னவர்களை நாம் பாவிகளாகவே எண்ணுவதில்லை. வீட்டு வாடகை ரசீதைத் தானே எழுதிக்கொண்டவர், கொடுக்காத நன்கொடையைக் கழித்துக்கொண்டவர் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். இவர்களுக்குத் திருப்பும் வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது: ஐ.டி.ஆர்.-யு எனப்படும் புதுப்பித்த வருமான வரி அறிக்கை. 2025ஆம் ஆண்டு முதல் இதற்கான காலம் 48 மாதங்களாக நீட்டிக்கப்பட்டிருக்கிறது. முதல் 12 மாதங்களுக்குள் தாக்கல் செய்தால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதமும், கடைசி ஆண்டில் 70 சதவீதமும் கூடுதலாகக் கட்ட வேண்டும். லேவியராகமம் கேட்பதைவிட வருமான வரித் துறை கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது.

பெண்ணிடம் வரம்பு மீறியவர் மட்டும் இந்தப் படியில் நேர் எதிராக நடக்க வேண்டும். அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்காதீர்கள்; வாட்ஸாப்பில் வசனம் அனுப்பாதீர்கள். உங்கள் மனச்சுமை இறங்குவதற்காக அவர் மீண்டும் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அவர் புகார் கொடுத்தால் குழுவின் முன் மறுக்காமல் உண்மையைச் சொல்லுங்கள். சமரசம் வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு, அதுவும் பணத்தின் அடிப்படையில் கூடாது. உங்களால் திருப்பக்கூடியது, அவருடைய வழியிலிருந்து நீங்கள் விலகுவதும், பொய்யால் அவர் இழந்த பெயரை உரிய இடத்தில் சரிசெய்வதுமே.

ஆறாம் படி: போய்ச் சொல்லுங்கள்

சுருக்கமாக எழுதிக்கொண்டு போங்கள். என்ன செய்தேன், எவ்வளவு, எப்படித் திருப்புகிறேன், இனி என் மேல் நீங்கள் எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன் என்ற நான்கு செய்திகள் போதும். குடும்பக் கஷ்டத்தை அதில் சேர்க்காதீர்கள், கேட்டால் சொல்லலாம். "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது ஒரு வரியிலும் வரக் கூடாது. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் பாவத்தை அறிக்கையிடுங்கள், பிறருடையதை அல்ல என்று போதகர் எனக்குச் சொல்லியிருந்தார். சொல்ல எளிது. டீசல் பில்லில் நான் வாங்கினேன் என்றால், கொடுத்தவர்கள் யார் என்பது தானே வெளிவரும். ஆகவே மேலாளரைப் பார்ப்பதற்கு முந்தின நாள், ஓட்டுநர்களைக் கண்டு, நாளைக்கு என் பங்கைச் சொல்லப்போகிறேன், உங்கள் பெயரை நானாகச் சொல்லமாட்டேன், ஆனால் கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்றேன். மூவரில் இருவர் மௌனமாக இருந்தார்கள். மூன்றாமவர் அதுவரை என்னை அண்ணே என்று அழைத்தவர். "சார், நீங்க புண்ணியம் தேடிக்க எங்க சோத்துலதான் கை வைக்கணுமா?" என்று கேட்டார். அந்தச் "சார்" இன்னும் என் காதில் இருக்கிறது. அவருக்குத் தரச் சரியான பதில் அன்றும் என்னிடம் இல்லை.

மேலாளர் முருக பக்தர். மேசைக் கண்ணாடியின் கீழ் வடபழனி ஆண்டவர் படம் இருக்கும். என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கவரில் இருந்த பணத்தை எண்ணவில்லை. "ஏம்ப்பா, உங்க கோயில் உண்டியல்ல போட்டிருந்தா யாருக்கும் தெரியாம முடிஞ்சிருக்குமே" என்றார். ஏளனமாக அல்ல, உண்மையான வியப்போடுதான் கேட்டார். பணம் கோவிலுடையது அல்ல, இந்தக் கம்பெனியுடையது என்றேன். கணக்குப் பிரிவில் பெரிய சிக்கல் எழுந்தது: திருடியவரே திருப்பிய பணத்தை வரவு வைக்க டேலி கணக்கு மென்பொருளில் தலைப்பு இல்லை. கடைசியில் "இதர வரவு" என்று எழுதி ரசீது கொடுத்தார்கள். ரசீது வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். கொடுத்த பணம் இன்னொரு கைக்குள் மறைவதற்கும் நீங்கள் காரணமாகக் கூடாது.

நிர்வாகம் போலீசுக்குப் போகவில்லை. மீதி இழப்பைப் பதினான்கு மாதங்கள் என் சம்பளத்தில் பிடித்தார்கள். கூட்டாகச் செய்த தவற்றில் மற்றவர் கொடாவிட்டால் முழுவதற்கும் நானே பொறுப்பு என்று நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் இப்படி நடக்காது. வேலை போகலாம், வழக்கும் வரலாம். அதையும் எண்ணிப் பார்த்த பிறகே அந்த அறைக்குள் போங்கள்.

ஏழாம் படி: சிறிய சாவியை ஏற்றுக்கொள்ளுங்கள்

என்னைப் பில் பிரிவிலிருந்து எடுத்து எடை மேடைப் பதிவேட்டில் உட்காரவைத்தார்கள். லாரி ஏறும், எண் தெரியும், எழுத வேண்டும். என்னைவிட இருபது வயது இளையவர் மாலையில் வந்து நான் எழுதியதைச் சரிபார்ப்பார். முதல் மாதம் அது எரிந்தது. மன்னிப்பு கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் சந்தேகம் என்று மனம் கேட்கும். மன்னிப்பு ஒரு நாளில் கொடுக்கப்படலாம். நம்பிக்கை அப்படி அல்ல, அதைக் கேட்டு வாங்கவும் முடியாது. யோவான் ஸ்நானன் ஆயக்காரரை வேலையை விட்டு வரச் சொல்லவில்லை, விதிக்கப்பட்டதற்கு அதிகமாக வாங்காதிருக்கச் சொன்னார். போர்ச்சேவகரைத் தங்கள் சம்பளமே போதும் என்றிருக்கச் சொன்னார். பழைய நாற்காலியிலேயே புதிதாக உட்காருவதுதான் கடினமான பகுதி.

நடைமுறைக்குச் சில காவல்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பணம் தொடும் வேலையில் இரண்டாவது கையெழுத்தை நீங்களே கேளுங்கள். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் சப்ளையர் கொண்டுவரும் இனிப்புப் பெட்டியை எல்லார் முன்னிலையிலும் திறந்து பங்கிடுங்கள். அதன் அடியில் வேறு ஏதேனும் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில், அந்தப் பழைய தாளை எடுத்துப் போதகரிடமோ நம்பிக்கையான நண்பரிடமோ காட்டி, எந்த வரி தீர்ந்தது, எது தீரவில்லை என்று பாருங்கள்.

என் தாளில் ஒரு வரி தீரவில்லை. விசாரணைக்குப் பிறகு புதுச்சேரி வழித்தடம் ஒப்பந்த வண்டிகளுக்குப் போய்விட்டது. மூன்றாம் ஓட்டுநருக்கு அதில் கிடைத்துவந்த பேட்டா நின்றது. அவர் செய்ததும் தவறுதான், அது அவர் கணக்கு. ஆனால் அந்தப் பில்லில் முதல் நாள் நான் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருந்தால் அது அன்றோடு முடிந்திருக்கும். அவரை அந்த வழியில் இழுத்துவிட்டதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குக் கணக்கிடத் தெரியவில்லை. மஞ்சக்குப்பத்தில் எதிர்ப்பட்டால் அவர் தலையைத் திருப்பிக்கொள்கிறார். நான் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறேன், போகிறேன்.